மச்சினனின் மூன்று எழுத்து

“இந்த எல்.எம்.சி.ன்னா என்னன்னு தெரியாம மாதா கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டார் ஸ்ரீவில்லிபுத்தூர் ஞானரத்தினம். பெண்ணின் அப்பா.

பஞ்சு ஜின் பேக்டரியில் மூட்டை தூக்கும் அருளப்பன், மாப்பிள்ளையான மச்சினன் சவரிமுத்துவின், அந்த மூன்று எழுத்து போட்ட பட்டாளத்துக் காகிதத்தை மடித்து மடியில் சொருகிக்கொண்டு தன் ஊரான ராஜபாளையத்துக்குச் சைக்கிளை மிதித்தான்.

“ஏலே, ஒன் காயிதந்தானே? நீயே சொல்லு.”

“பட்டாளத்துல போன்னான். வந்துட்டேன் மச்சான்” என்றான் சவரிமுத்து. பர்மாச் சண்டையிலிருந்து வந்தவன் அதற்குமேல் பேசுவதில்லை.

ஊரில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர் புரொட்டஸ்டண்ட் உபதேசியார் தேவஇரக்கம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

“லண்டன் மிஷன் கிறிஸ்டியன். பட்டாளத்துல சபையையும் எழுதிருவான். ரொம்ப சந்தோசம்!”

அருளப்பன் வீடு சேருமுன்னே, சவரிமுத்து சபை மாறிவிட்டான் என்று கத்தோலிக்கத் தெரு முழுக்கப் பேச்சு. பங்குச் சுவாமியார் கூப்பிட்டு விசாரித்தார். பெண்டாட்டி ஏசம்மாள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

“என் தம்பிய மிஷனுக்குத் தாரை வாத்துட்டு வாரீகளே, வெளங்குவீகளா?”

அடுத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்.

“எல்லுன்னா லங்ஸ். சீ-ன்னா கம்ப்ளெயிண்ட்.”

“நடுவுல எம்மு?”

“மேஜர்.”

“பெருசா?”

“ரொம்பப் பெருசு. செத்த தள்ளி நில்லும்.”

மறுநாள் பஞ்சு மூட்டைக்கு மறுமுனை பிடிக்க ஒருத்தனும் வரவில்லை. நுரையீரல் வியாதிக்காரன் வீட்டு ஆளாம். ஒற்றையாளாய் உருட்டி உருட்டி அருளப்பனின் இடுப்பு கழன்றது. அன்று சாயங்காலம் பிளேடை எடுத்து மூன்று எழுத்தையும் சுரண்டிவிட்டு மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிளை மிதித்தான்.

“பாருங்க அண்ணாச்சி. எழுத்தும் இல்ல, எழவும் இல்ல.”

ஞானரத்தினம் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

“கேட்டுட்டு வாரும்னா அழிச்சுட்டு வந்து நிக்கீரே!”

“மாப்பிள்ளைக்கு இருமல் இல்ல, சபையும் மாறல. இன்னும் என்னதான் வேணும் ஒமக்கு?”

அவர் தெருவில் இறங்கி நடந்தார். மோர் கொண்டுவந்த அவர் மனைவி சந்தனமேரி, சாத்தியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பொண்ணு ஒங்க மச்சினனுக்குத்தான்னு அன்னைக்கே முடிவாகிப்போச்சு அண்ணே. எங்க மூத்தவன் மிக்கேலு பர்மாவுலருந்து வந்த நாளா அந்த அறைய விட்டு வெளிய வரல. அவன் பட்டாளத்துக் காயிதத்துலயும் அதே மூணு எழுத்துதான், நாங்க போய்க் கேட்டா ஊரு பேசுமேன்னு அவுக ஒங்கள விட்டுக் கேக்க வச்சாக.”