பசையைத் தண்ணீராக்கிய வயிற்றய்யா

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் அந்த மாடிப்படியில் எள் விழ இடமில்லை. ஏப்பக்காரர்கள், உப்புசக்காரர்கள், மூன்று நாளாக ஒன்றும் போகாதவர்கள், நேற்றிலிருந்து நிற்காமல் போகிறவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். வயிறு என்று வந்துவிட்டால் மனிதர்களுக்குள் என்ன ஒற்றுமை! மேலே வாடகைக் கூடத்தில் வயிற்றய்யா அருள் வழங்கிக்கொண்டிருந்தார்.

"வழி விடுங்க, அய்யாவுக்குப் பசை போகுது" என்று வாளியோடு ஏறினார் பைண்டர். முப்பது வருடமாகப் புத்தகம் பைண்டு செய்கிறவர். கெட்டிப் பசையைப் பொடி போட்டுத் தண்ணீராக்குவதுதான் அய்யாவின் அற்புதம்; அதற்கு இவர் மைதாவில் காய்ச்சும் பசைதான். அந்தப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இடுப்பில் நிற்காத கால்சட்டையை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே இன்னொரு வாளிப் பசையும் மின்சாரக் கெட்டிலுமாக அவர் மனைவி ஏறினாள்.

நாலு மாதத்துக்கு முன்பு கணையம் வீங்கி அவர் படுத்த படுக்கையாகிவிட்டார். டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னார்: "பெரிய தாளை வெட்டித்தானே புத்தகம் பண்றீங்க? சாப்பாட்டையும் வெட்டினாத்தான் ரத்தத்துல சேரும். வெட்டுற கத்திக்கு நொதின்னு பேரு. உங்க கணையம் அதைச் சரியா சுரக்கல. இந்தக் குளிகையில அது இருக்கு. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோட போடுங்க, ஆயுசுக்கும்."

அந்த 'ஆயுசுக்கும்' அவரை உறுத்தியது. வயிற்றய்யாவோ, "மருந்தை வாசல்ல இருக்கிற தகரப் பெட்டியில போட்டுட்டு வா, உள்ளே இருக்கிற கட்டி தானா உருகும்" என்றார். எவ்வளவு சுலபம்! மூன்று மாதக் குளிகையை நம்மவர் பெட்டியில் கொட்டினார். பன்னிரண்டு நாளில் ஐந்து கிலோ குறைந்தது. தின்றது தின்றபடியே வெளியே போனது. "கெட்டது வெளியேறுது" என்றார் அய்யா. இத்தனை நாளாகத் தனக்குள் ஐந்து கிலோ கெட்டது இருந்ததா என்று பைண்டருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் மனைவிதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இப்படியே போனால் ஆள் மிஞ்சமாட்டார். வியாழக்கிழமை துணி துவைக்கையில் அவர் சட்டைப் பையில் ஒரு குளிகை அகப்பட்டது. பாதியை நசுக்கி, வெதுவெதுப்பாக இருந்த பசையில் போட்டுக் கிளறினாள். கொஞ்ச நேரத்தில் பசை தண்ணீராக ஓடியது.

"அடிப்பாவி! பசையைக் கெடுத்துட்டியே!"

"கெடுக்கலைங்க. அற்புதம் பண்ணினேன்."

"அது மருந்து, இது அருள். வேற வேற" என்றார் பைண்டர். அவர் நம்பிக்கை அவர் பசையை விடக் கெட்டி.

"வேறன்னா சரி. ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றாள். மருந்துக் கடைக்காரரிடம் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொண்டாள்.

கூடத்தில் அய்யா வழக்கம்போல அருட்பொடியை எடுத்தார். அவள் எழுந்தாள்.

"அய்யா, உங்க அருள் நெருப்புக்குப் பயப்படுமா?"

"நெருப்பே என் அருள்தாம்மா!"

கூடமே கைதட்டியது. பைண்டர்தான் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார்.

"அப்போ அந்தப் பொடியைக் கொஞ்சம் தண்ணியில கொதிக்க வெச்சுக்கறேன். நொதியா இருந்தா வெந்து வீணாப் போயிடுமாம். அருளுக்கு என்ன ஆகப்போகுது?"

"வைங்கம்மா! அய்யாவையா சோதிக்கிறீங்க, பார்த்துடுவோம்!" என்று பக்தர்களே பொடியை வாங்கிக் கெட்டிலில் போட்டார்கள். அய்யாவுக்குத் திடீரென்று அவசரமாக வெளியே போகவேண்டியிருந்தது. நாலு பேர் அன்போடு பிடித்து உட்கார வைத்தார்கள்.

பத்து நிமிடம் கொதித்த பொடியை ஆறவைத்து அய்யாவின் வாளியில் ஊற்றினாள். மீதிப் பாதிக் குளிகையை நசுக்கித் தன் வாளியில் போட்டாள். பைண்டரே இரண்டையும் கிளறினார். கால் மணி நேரம் கழித்து மனைவியின் வாளியில் பசை நீராகிச் சலசலத்தது. அய்யாவின் வாளியில் கரண்டி நட்டது நட்டபடி நின்றது.

யாரோ தகரப் பெட்டியைத் திறந்தார்கள். காலி! பின்னறையில் ஓர் உரலும், உடைத்தெடுத்த மாத்திரை அட்டைகளின் குவியலும் கிடந்தன. எல்லாம் ஜீரணத்துக்கென்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தவை. மேலாகவே கிடந்தது பைண்டரின் அட்டை. மருந்தும் கொடுத்து, பசையும் காய்ச்சி, கையும் தட்டித் தன்னைத் தானே ஏமாற்ற ஓடி ஓடி உழைத்தவன் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

அதற்குள் முன்வரிசையில் ஒருவர், "தாயே! அருள் உங்க கையிலதான் இருக்கு!" என்று அவள் காலில் விழுந்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர் விழுந்தார்கள். பைண்டரின் இரண்டு கையும் தானாகக் குவிந்தன. கால்சட்டை நழுவியது.

"முதல்ல அதைப் பிடிங்க" என்றாள் மனைவி. பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எழுந்திருங்க எல்லாரும். கணையம் சுரக்கலைன்னா கடையில நொதி வாங்கிப் போட்டுக்கலாம். மூளை வேலை செய்யலைன்னா அதுக்குக் குளிகை எந்தக் கடையிலயும் இல்ல. யோசனையை அவங்கவங்கதான் சுரந்துக்கணும்."