ஜெயித்தது யார் குதிரை?

"மாப்ள, என் குதிரைதான் ஜெயிச்சுச்சுன்னு அந்தாளு ஒத்துக்கணும். அப்பத்தான் நிச்சயத்துக்கு வாரேன்" என்று போனை வைத்துவிட்டார் மைத்துனர் காளை.

தங்கப்பாண்டிக்கு வியர்த்தது. தாய்மாமன் வராமல் மகள் ரோகிணிக்கு நிச்சயம் எப்படி நடக்கும்? 'அந்தாளு' என்பது மாப்பிள்ளையின் அப்பா, டி. கல்லுப்பட்டி மலையாண்டி.

முப்பத்தைந்து வருடம் முன்பு வாடிப்பட்டியில் ஒரு குதிரைப் பந்தயப் படம் எடுத்தார்கள். வெள்ளைக் குதிரை காளை கொடுத்தது, கறுப்பு மலையாண்டி கொடுத்தது. ஷூட்டிங் பார்க்க இருவரையும் விடவில்லை. படம் இரண்டே நாளில் தியேட்டரை விட்டு ஓடிவிட்டது. கடைசி ரேஸ் வரை உட்கார்ந்து பார்த்தவர் யாருமில்லை.

தங்கப்பாண்டி மலையாண்டிக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, ஒரு பேச்சுக்கு வெள்ளைக் குதிரை ஜெயிச்சதா..."

"நிச்சயத்தையே நிறுத்திப்புடுவேன்!"

"ஐயோ, கறுப்புதான் சம்பந்தி, கறுப்புதான்!"

அரை மணி நேரத்தில் சேதி காளைக்குப் போய், அவரிடமிருந்து போன் வந்துவிட்டது. "குதிரையப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்? ஜட்கா வண்டி ஓட்டுனவரு மகன்தானே நீங்க!"

தங்கப்பாண்டிக்குச் சுருக்கென்றது. பெண்ணைப் பெற்றவர், விழுங்கிக்கொண்டார்.

ஆரப்பாளையத்தில் வீடியோ கடை வைத்திருக்கும் பேயாண்டி அந்தப் படத்தில் லைட் பிடித்தவர். பழைய கேசட்டும் வைத்திருந்தார். நிச்சயத்தன்று படத்தைப் போட்டு இருவரையும் குளிர்விக்கலாம் என்று தங்கப்பாண்டி அவரிடம் போனார்.

"அண்ணே, அந்த ரேசுல உண்மையில..." என்று ஆரம்பித்தார் பேயாண்டி.

"சொல்லாதீங்க! தெரிஞ்சா வாய் உளறிரும். எது ஜெயிச்சாலும் எனக்குச் சங்குதான். முடிவை மட்டும் வெட்டிருங்க."

பேயாண்டி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். வெட்டிக் கொடுத்தார்.

படம் போடுகிறார்கள் என்றதும் காளையும் வந்துவிட்டார். நிச்சயத்தன்று காலை, மண்டபத்து டிவியில் படம் ஓடியது. வெள்ளை பாய்ந்தது. அடுத்துக் கறுப்பு. மறுபடி வெள்ளை.

"கால் வீச்சப் பாத்தீங்களா? எங்க வளர்ப்பு!" என்றார் காளை.

"இதெல்லாம் ஒரு வீச்சா? அந்தா எங்காளு வருது பாரும்" என்றார் மலையாண்டி.

எல்லைக்கோடு தெரிந்தது. திரை இருண்டது.

"வெட்டிட்டாரு! என் குதிரை ஜெயிச்சத மறைச்சுட்டாரு!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். மலையாண்டி செருப்பைத் தேடினார். காளை தாய்மாமன் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டார். ரோகிணி அப்பாவையே பார்த்தாள். தங்கப்பாண்டி இருவருக்கும் நடுவில் போய்க் கைகூப்பி நின்றார்.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பேயாண்டி நிமிர்ந்தார்.

"எதுக்குண்ணே சண்டை? ஒங்க ரெண்டு குதிரையும் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மிரண்டு கொட்டடிய விட்டு வரவே இல்ல. வெளிய சொல்லக் கூடாதுன்னு டைரக்டர் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்குனாரு. காலையில சுண்ணாம்பு, மத்தியானம் கரின்னு பூசிக்கிட்டு, ரெண்டு வேசத்துலயும் ஓடுனது இந்தா நிக்கிறாரே, இவங்கப்பாவோட ஜட்கா குதிரைதான்!"