துண்டு போட்ட கப்பல்

மனிதன் வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இன்றுவரை, எங்கள் துண்டுக்காரருக்கு முன்னால் நின்றவன் ஒருவனும் கிடையாது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் நடுவில் நின்று கற்பூரம் அடித்துச் சொல்வேன். நான் சொன்னால் மார்க்கெட்டே கேட்கும். மூன்றாங்கிளாஸைத் தாண்டாத நான் அங்கே மூட்டை தூக்கினேன், பிறகு மூட்டை வாங்கினேன், பிறகு மூட்டை ஏற்றி வந்த லாரியையே வாங்கினேன். என் மண்டியில் வெங்காய விலை சொன்ன பிறகுதான் மற்ற மண்டிகளில் வாய் திறப்பார்கள். அது கிடக்கட்டும். இது என் கதை அல்ல. நடுநடுவே நான் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துண்டுக்காரர் பஞ்சாலைத் தொழிலாளி. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்; எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நாம் எல்லோரும் செய்கிற காரியம்தான். அவர் பஸ்ஸோடு நிறுத்தவில்லை. ரேஷன் கடைப் படி, சினிமாக் கொட்டகை டிக்கெட் சந்து, முடிவெட்டும் நாற்காலி, கல்யாணப் பந்தியின் முதல் இலை என்று எங்கே பார்த்தாலும் அவருடைய சிவப்புக் கட்டம் போட்ட துண்டுதான் முதலில் கிடக்கும். மில்லில் சங்கு ஊதுகிறவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, கேட்டில் இவர் தலை தெரிகிறதா என்றுதான் பார்ப்பார் என்று எங்கள் தெருவில் பேச்சு.

ஒருமுறை எங்கள் தெருக்கோடிப் பெரியவருக்கு உடம்பு மோசம் என்று காதில் விழுந்ததும், துக்கம் விசாரிக்க மாலையோடு போய்விட்டார். பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"யாருப்பா அது? கையில இன்னா?"

"ஒண்ணுமில்ல ஐயா. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பாத்துட்டுப் போலாம்னு..."

பெரியவருக்கு வந்த கோபத்தில் கட்டிலை விட்டு எழுந்து தடியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை துரத்தினார். அந்தக் கோபத்திலேயே மேற்கொண்டு பல வருஷம் உயிரோடு இருந்தார். வைத்தியருக்குக் கொடுக்காத மரியாதையை அந்த வீட்டுக்காரர்கள் துண்டுக்காரருக்குக் கொடுத்தார்கள்.

இவருக்கு நேர் எதிரி எங்கள் தெருச் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சைகோனுக்கும் அல்ஜீரியாவுக்கும் கப்பலில் போய் வந்தவர். பிரெஞ்சில் 'அப்போ' என்பதற்கான 'அலோர்' என்று தொடங்காமல் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலு வந்தால் கோட்டு முழுக்க மெடல் குத்திக்கொண்டு ஊர்வலத்தில் நடப்பார். அந்தக் கோட்டோடு அவர் சல்யூட் அடித்தது பிரெஞ்சு ஜெனரல்களுக்கு மட்டும்தான் என்று அவரே சொல்வார்.

எழுபத்தொன்பதோ எண்பதோ, மெட்ராஸிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் உல்லாசமாகப் போய்வருவது என்று நான் முடிவு செய்தேன். வியாபாரத்துக்கு இல்லை, வேடிக்கை பார்க்க. எங்கள் மார்க்கெட்டில் அப்படிச் செலவு செய்த முதல் ஆள் நான்தான். என் சம்சாரம் செண்பகம் ஒரே ஒரு யோசனை சொன்னாள்.

"துண்டுக்கார அண்ணனையும் கூட்டிக்கலாம். நீங்க மண்டியில புலி. வெளிய போனா முழிப்பீங்க. எடம் புடிக்க ஆளு வேணும்."

செய்தி டீக்கடைக்குப் போனதும் சொல்தா சிரித்தார்.

"அலோர், ஏன்யா துண்டு, கப்பலுக்கும் துண்டு போடுவியா? அது இன்னா கடலூர் பஸ்ஸா? மொதல்ல காபின் கிளாஸ்காரன் ஏறுவான். நீங்க எடுத்திருக்கிறது பங்க் கிளாஸு. உன்னெல்லாம் கடைசிலதான் ஏத்துவான்."

"நா மொதல்ல கால் வைப்பேன், பாக்கறியா?"

"வச்சேன்னா, மெடல் கோட்டோட நடுத்தெருவுல உனக்குச் சல்யூட் அடிக்கிறேன். வைக்கலன்னா ஒரு மாசம் எங்க போனாலும் நீ கடைசியா நிக்கணும். இன்னா சொல்ற?"

கடைசியாக நிற்பது என்றால் துண்டுக்காரருக்கு உயிர் போகிற விஷயம். இருந்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி."

அன்றிலிருந்து என் மண்டி கப்பலாகிவிட்டது. பரண் மேல் ஏணி சாத்தி, தகரப் பெட்டியும் படுக்கைச் சுருட்டும் தூக்கிக்கொண்டு எங்களை ஏறி இறங்கச் சொன்னார். கப்பல் ஆடும் என்று ஏணியை அவரே கீழே நின்று ஆட்டினார். எனக்கு ஏணி புதிதா? வெங்காய மூட்டையோடு பலகை மேல் ஓடியவன் நான். கையை விட்டுக்கொண்டே ஏறிக் காட்டினேன். செண்பகம்தான் பரணிலிருந்து கத்தினாள்.

"அண்ணே, நாங்க கப்பல்ல போறோமா, இல்ல எங்களை எறக்குமதி பண்றாங்களா?"

வாந்தி வராமல் இருக்க ஊறுகாய் ஜாடி, பசிக்கு முறுக்கு டின், புளிச்சோறு மூட்டை எல்லாம் கட்டினோம். போலீஸ் சோதனையில் நேரம் போகக் கூடாது என்று பெட்டிக்குப் பூட்டே போட விடவில்லை. டாக்டர் பார்ப்பார் என்பதால் ஊசி போட்ட சீட்டைச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தைத்துவிட்டார். பிறகு துறைமுகத்தில் சட்டையைக் கிழித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் கப்பல் என்றால் முதல்நாளே எங்களை மெட்ராஸ் துறைமுகக் கேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ், கப்பலே இன்னும் வரலய்யா!"

"வரட்டும். நாங்க வந்துட்டோம்."

மண்ணடியில் ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு விடிந்ததும் மறுபடி அதே கேட்டுக்கு வந்தோம். கப்பல் வந்து நின்றிருந்தது. இரண்டு தெருவைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போல உயரம். சோதனை, சீட்டு, டாக்டர் எல்லாவற்றிலும் நாங்கள்தான் முதல். கரைக்கு வந்ததும் துண்டுக்காரருக்குப் பழக்கம் கையை மீறிவிட்டது. கப்பலின் வயிற்றில் வட்டமாக ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ஓடிப்போய்க் குறி பார்த்துத் துண்டை வீசினார். துண்டு ஜன்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடலில் விழுந்தது.

கூட்டம் கைதட்டியது. கீழே படகில் இருந்தவன் கொக்கியால் அதை எடுத்து மேலே எறிந்தான். டீசலும் உப்பும் சொட்டச் சொட்ட அதைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கப்பல் ஏணியடியில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

ஆபீசர் வந்தார். "காபின் கிளாஸ் முதல்ல வாங்க!" என்றார். துண்டுக்காரர் முகம் சுருங்கியது. சொல்தா சொன்னது சரிதான்.

ஆனால் யாரும் வரவில்லை. காபின் கிளாஸ்காரர்களுக்கு அவசரம் எதற்கு? கார் வந்து, குடை வந்து, கூலி வந்து, அப்புறம்தானே அவர்கள் வருவார்கள்! ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"சரி, இருக்கறவங்க ஏறுங்கய்யா."

துண்டுக்காரர் ஏணியில் பறந்தார். கப்பலின் பக்கவாட்டில் சாய்வாகத் தொங்கும் படிக்கட்டு அது. கண்மூடித் திறப்பதற்குள் உச்சிப் படியில் நின்றார். இன்னும் ஒரு எட்டு. காலைத் தூக்கினார். நாங்கள் பார்க்கிறோமா என்று பெருமையாகத் திரும்பினார்.

நான் மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தேன்.

பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கால் கொஞ்சம் யோசித்தது, அவ்வளவுதான். என் மண்டி ஏணிக்குக் கீழே வெங்காயம் இருக்கும். இதற்குக் கீழே, கப்பலுக்கும் கரைக்கும் நடுவில், கறுப்பாகத் தண்ணீர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் கயிற்றைப் பிடித்தேன். அதற்குப் பிறகு கயிறு என்னை விடவில்லை.

"ஏறுங்க, பின்னாடி ஊரே நிக்குது!" என்று செண்பகம் கிசுகிசுத்தாள். ஊர் கிசுகிசுக்கவில்லை. "யோவ், குடியிருக்கப் போறியா அங்க?" என்று கத்தியது. நான் வாயைத் திறந்தேன். பெரிய மார்க்கெட்டையே அடக்கும் என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"அவரை எறக்குங்கய்யா, ஏறாட்டி வீட்டுக்குப் போகட்டும்!" என்றார் ஆபீசர்.

துண்டுக்காரர் தூக்கிய காலைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு காலை அதே படியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். என் விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரைக்குக் கொண்டுபோய், தகரப் பெட்டி மேல் உட்கார வைத்தார்.

"குந்து தம்பி. எல்லாரும் போட்டும்."

எல்லோரும் போனார்கள். கார் வந்தது, குடை வந்தது, கூலி வந்தது, அவர்களும் போனார்கள். துண்டுக்காரர் தனக்கு முன்னால் போகும் ஒவ்வொரு முதுகையும் பார்த்துக்கொண்டே எனக்கு முறுக்கு கொடுத்தார். பிறகு செண்பகத்தை முன்னால் ஏறச் சொன்னார். ஈரத் துண்டை என் இடுப்பைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனைகளையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறு. கீழ பாக்காத. செண்பகத்தோட கொண்டையப் பாரு. நா புடிச்சிருக்கேன்."

ஏறினேன். என் பின்னால் அவர் கப்பலில் கால் வைத்ததும் ஏணியைத் தூக்கிவிட்டார்கள். இருந்த ஜன்னலோரப் படுக்கை எல்லாம் போய், கக்கூசுக்குப் பக்கத்தில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது.

அந்தமான் நன்றாக இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் சொல்தா காத்திருந்தார்.

"அலோர்?"

"கடைசி," என்றார் துண்டுக்காரர். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்தா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அப்புறம் ஊரே குழம்பியது. ரேஷன் கடைக்காரர், துண்டு கிடக்காததைப் பார்த்து இன்று லீவு என்று நினைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மண்ணெண்ணெய் வரிசையின் வாலில் நின்ற துண்டுக்காரரைப் பார்த்துப் பெண்கள், "அண்ணே, உடம்பு சரியில்லயா?" என்று கேட்டார்கள். அவர் முன்னால் இருந்த முதுகுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் அதைக் காணச் சகிக்கவில்லை. நேரே சொல்தா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கால் யோசித்தது என்பதைக்கூடச் சொன்னேன். இந்த வாயால் வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொல்தா சிரிக்கவில்லை. 'அலோர்' கூடச் சொல்லவில்லை.

ஜூலை பதினாலு ஊர்வலம் வந்தது. துண்டுக்காரர் சொன்ன வாக்குப்படி கூட்டத்தின் கடைசியில், ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். எங்கள் தெருமுனையில் சொல்தா வரிசையை விட்டு விலகினார். மெடல்கள் கலகலக்கக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு விளக்குக் கம்பம் வரை வந்தார். குதிகாலை அடித்து, விறைத்து நின்று, ஒரு சல்யூட் வைத்தார். துண்டுக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

போன வருஷம் அவர் எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு போய்விட்டார். பழக்கம், யார் தடுக்க முடியும்? எனக்கும் வயதாகிறது. ஆனால் அவசரமில்லை, கவலையுமில்லை. அங்கே கூட்டம் எவ்வளவு இருந்தாலும், எனக்கென்று ஓரிடத்தில் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துண்டு கிடக்கும்.