அது அருள் இல்லை அண்ணா, மூச்சு

சுங்கை மெலாத்தி தோட்டம்,
கோல சிலாங்கூர்.
12.8.1986

மரியாதைக்குரிய அண்ணன் சேது அவர்களுக்கு, தங்கை இராஜம்மா வணங்கி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உங்கள் மச்சானும் இங்கே மூச்சுக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே ரவாங்கில் தாங்களும் அண்ணியும் மகள் தங்கமணியும் அப்படியே இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. தோட்டத் திருவிழாவில் என் மேல் அம்மன் இறங்கி, தங்கமணிக்குப் பேசிய சுங்கை ஆயர் தாவார் ஊர்ச் சம்பந்தம் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள் என அண்ணி வந்து சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வருகிற ஞாயிறு மாப்பிள்ளை தனபாலன் வீட்டுக்குப் போய்த் தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணா, அந்தத் தட்டைத் தொடாதீர்கள். அன்றைக்கு என் மேல் யாரும் இறங்கவில்லை. நான் மூச்சைத்தான் அடக்கிக்கொண்டிருந்தேன். அம்மன் பேரில் ஒரு பொய் நின்றுவிடக்கூடாது என்பதால், வெட்கத்தை விட்டு முதலிலிருந்து எழுதுகிறேன்.

சித்திரையில் ஒருநாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. சாதாரண அடி இல்லை, செகிஞ்சான் நெல் லோரி பலகைப் பாலத்தில் ஏறுகிற மாதிரி தடதடவென்று. மச்சான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கோல சிலாங்கூர் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் முரியல் நம் தமிழ்ப் பெண், வேதக்காரர். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்து, நிமிடத்துக்கு நூற்று எண்பது துடிப்பு, பயப்படும் வகை இல்லை, ஊசிக்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது என்றார்.

"அக்கா, மூச்ச இழுங்க. மூக்கப் பிடிச்சுக்குங்க. இப்ப வாய மூடிக்கிட்டு முக்குங்க."

"முக்கணுமா? எப்படிம்மா?"

"கக்கூஸ்ல கஷ்டமா இருந்தா எப்படி முக்குவீங்க? அப்படித்தான். பதினஞ்சு விநாடி."

அண்ணா, நான் இருபது வருடமாகக் காலையில் குளித்து, சுவாமி படத்துக்கு முன் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்துப் பிராணாயாமம் பழகியவள். பூரகம், கும்பகம், ரேசகம் எல்லாம் யார் சொல்லியும் வந்ததில்லை, நானே எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டது. அதை டாக்டரிடம் சொன்னேன். "ரொம்ப நல்லது அக்கா. ஆனா அதுல முக்க மாட்டீங்க. இதுல முக்கணும் லா" என்றுவிட்டார். மூளையிலிருந்து நெஞ்சுக்கு ஒரு நரம்பு போகிறதாம். காற்றை உள்ளே அடைத்து அழுத்தி விட்டால் அது விழித்துக்கொண்டு துடிப்பை அடக்குமாம். மூச்சு தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். நெஞ்சுத் துடிப்பு நாம் சொன்னால் கேட்காது, ஆனால் மூச்சு சொன்னால் கொஞ்சம் கேட்கும் என்று விளக்கினார். அதைக் கேட்டபோது எனக்குச் சுவாமி முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு நெற்றியில் விபூதியோடு, மச்சான் பார்த்துக்கொண்டிருக்க, முக்கினேன். மூச்சை விட்டதும் நெஞ்சு ஒரு குதி குதித்து, ஒரு கணம் நின்று, பிறகு நல்ல பிள்ளையாக நடந்தது.

எதையும் எழுதி வைக்காமல் எனக்கு ஓடாது என்பது தங்களுக்குத் தெரியும். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, தேதி, மணி, எத்தனை விநாடி, பிறகு நாடி எவ்வளவு என்று குறித்து வருகிறேன். திருவிழாவுக்கு முன்வரை ஒன்பது முறை வந்தது. எட்டு முறை முக்கியதில் நின்றது. ஒரு முறை நிற்கவில்லை. அதற்கு டாக்டர் வேறு வழி சொல்லியிருந்தார்: பேசினில் ஐஸ் தண்ணீர் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை முழுசாக உள்ளே வைக்கவேண்டும். அப்படி வைத்திருந்த நேரம் பார்த்து மச்சான் வேலை முடிந்து வந்தார். வந்தவர் என் கொண்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"அடிப்பாவி! எம்மேல கோவம்னா வாயால திட்டேன்! இப்படியா பண்ணுவ?"

"விடுங்க, விடுங்க! பன்னெண்டுதான் ஆச்சு!"

பக்கத்து வீட்டுச் சின்னையா ஓடி வந்து பார்த்தான். மறுநாள் மளிகை வாங்கச் சாக்குக் கடைக்குப் போனபோது எல்லோரும் என்னை "பாவம்" என்ற பார்வை பார்த்தார்கள். மச்சானை வேறு மாதிரி பார்த்தார்கள்.

இப்போது திருவிழாவுக்கு வருகிறேன். தங்கமணி ஒரு வாரம் முன்னதாகவே இங்கே வந்துவிட்டாள் அல்லவா, எனக்குப் படபடப்பு வந்தால் கடிகாரம் பிடித்து எண்ண அவளைப் பழக்கியிருந்தேன். அன்று அண்ணியும் வந்து சேர்ந்த பிறகு, கரகம் கோயிலுக்குள் நுழையும் நேரம், உறுமி முழங்க ஆரம்பித்ததும் என் நெஞ்சும் கூடவே ஆரம்பித்துவிட்டது. வெளியே போகலாம் என்றால் கூட்டம். சரி என்று தூணோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக் கண்ணை மூடி முக்கினேன். தங்கமணி பக்கத்தில் நின்று "ஒன்னு, ரெண்டு" என்று எண்ணினாள். என் முகம் சிவந்து உடம்பு நடுங்கியதை உறுமிக்காரர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், மொத்த மேளமும் என் காதுக்கு வந்துவிட்டது. பூசாரி அப்பளசாமி விபூதியை அள்ளி வீசிவிட்டு அதட்டுகிறார்.

"யாரு வந்திருக்கிறது? பேரச் சொல்லு! வாயத் தொறந்து சொல்லு!"

வாயைத் திறந்தால் வைத்தியம் கெட்டுவிடும் அண்ணா. நான் இன்னும் இறுக்கி மூடினேன். "கோவக்காரி வந்திருக்கா" என்று யாரோ சொல்ல, ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை முகத்தில் ஊற்றினார்கள். அண்ணி கையில் சூடத்தோடு முன்னால் வந்தார்கள்.

"ஆத்தா, எம்மவளுக்குச் சுங்கை ஆயர் தாவார் சம்பந்தத்த முடிக்கட்டுமா? ஒரு உத்தரவு குடு தாயே!"

சூடப் புகை மூக்கில் ஏறியது. இன்னும் விநாடி பாக்கி இருக்கிறது, தள்ளி நில்லுங்கள் என்று சொல்லத்தான் தலையை ஆட்டினேன். அண்ணி என் காலில் விழுந்தார்கள். வயதில் மூத்தவர்கள் என் காலில் விழுந்த பாவத்தை எந்தக் கோயிலில் போய்க் கழிப்பேன்?

உடனே எழுந்து, "அண்ணி, இது நெஞ்சுப் படபடப்பு, டாக்டர் சொன்ன வைத்தியம்" என்று சொன்னேன். அப்பளசாமி சிரித்தார். "மலையேறிட்டா. இனிமே அந்தம்மாவுக்கு ஒன்னும் ஞாபகம் இருக்காது." நான் மறுக்க மறுக்க அருள் உறுதியாகிக்கொண்டே போனது. மறுநாள் சின்னையா வெற்றிலைபாக்கோடு வந்து இடுப்பு வலிக்குக் குறி கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போ என்று துரத்தினேன். போனான். படம் எடுத்து, கல் இருக்கிறது என்றார்களாம். ஆத்தா கல்லைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டான். ஒன்பது நாளாக என் வீட்டு வாசலில் செருப்பு நிறைந்து கிடக்கிறது.

ஆகவே அண்ணா, ஒரு நரம்பு செய்த காரியத்துக்காக ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகக்கூடாது. தனபாலன் நல்ல பையன் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். குடியில்லை, பெற்றவர்களுக்கு அடங்கிய பிள்ளை. தட்டு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். தையில் முகூர்த்தம் பாருங்கள்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். தங்கமணிக்கு அத்தையின் ஆசி. எல்லோருக்கும் நீண்ட மூச்சும் நிதானமான நாடியும் தந்து மாரியம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை
இராஜம்மா இருசப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், எழுதிய விவரம் சரிதானா என்று நோட்டைப் பார்த்தேன். வருகிறவர்களை அனுப்புவதிலேயே இத்தனை நாளும் போனதால் அதைத் திறக்கவில்லை. பத்தாவது வரியை அன்றைக்குத் தங்கமணிதான் எழுதியிருக்கிறாள்: "பதினைந்து விநாடி. தண்ணீர் ஊற்றினார்கள். நாடி 82. நின்றுவிட்டது. அதன் பிறகு அம்மா கேட்டார். அத்தை தலையசைத்தார்."

அதன் பிறகு என்று இருக்கிறது அண்ணா. அப்படியென்றால் விநாடி பாக்கி இல்லை. நான் மூச்சை விட்டாகிவிட்டது, நெஞ்சுப் படபடப்பும் நின்றாகிவிட்டது. மேலே நான் எழுதியது தப்பு. இப்போது யோசித்தால் நினைவு வருகிறது. அண்ணி கேட்டபோது நான் கண்ணைத் திறந்திருந்தேன். அண்ணிக்குப் பின்னால் தங்கமணி கடிகாரத்தோடு நின்றிருந்தாள். அவள் மூச்சு விடவில்லை. நாலு மாதமாக இதையே செய்கிறவள் நான், அடக்கிய மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் தலை ஆடிய பிறகுதான் அவள் விட்டாள்.

ஆட்டியது அம்மனா நானா என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எதையும் செய்வதற்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதினைந்து விநாடி நீங்கள் வாயைத் திறக்காமல் இருங்கள்.