கரடியாரின் தலைச்சாயமும் இரண்டு மடங்கு ஆபத்தும்

ஒரு காட்டில் செங்கல்வராயன் என்றொரு கரடியார் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தார். வயது ஏற ஏற அவர் முடி மட்டும் கருத்துக்கொண்டே போனது. மாதம் தவறாமல் உச்சந்தலையிலிருந்து வால்வரை சாயம் பூசிக்கொள்வார். கரடிக்கு வால் இத்தனூண்டுதான், அதையும் விடமாட்டார்.

தேர்தல் நெருங்கும் நேரம். துணைத்தலைவர் நரி வில்வநாதன் அவர் செல்போனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். தலைச்சாயத்தால் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று ஆராய்ச்சியில் தெரியவந்திருக்கிறதாம். கீழே, தங்கள்மேல் உள்ள அக்கறையால் அனுப்புகிறேன் என்று கைகூப்பும் படம் வேறு.

கரடியாருக்குத் தேன்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. நெஞ்சைத் தடவினால் கட்டி மாதிரி இருந்தது. அது விலா எலும்பு.

ஆந்தை டாக்டரிடம் ஓடினார். டாக்டர் அந்த ஆராய்ச்சியைத் தேடியெடுத்துப் பொறுமையாக விளக்கினார். அது சலூன் நடத்தும் குரங்குகளைப் பற்றியது. நாளெல்லாம் கையுறை போடாமல் சாயத்தில் கையை விட்டவை. மற்ற குரங்குகளில் பத்தாயிரத்தில் ஒன்றுக்கு வரும் நோய் இவற்றில் இரண்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். சாயம்தான் காரணம் என்று ஆராய்ந்தவர்களே அடித்துச் சொல்லவில்லை. அந்தக் குரங்குகளில் பாதி பீடி பிடிப்பவை.

"அப்போ ரெண்டு மடங்குங்கிறது பொய்யா, டாக்டர்?"

"பொய்யில்லை. ஆனா..."

அதற்குமேல் கரடியார் காதில் எதுவும் ஏறவில்லை. வீட்டுக்குப் போனதும் சாயப் பாக்கெட்டுகளையெல்லாம் பள்ளத்தில் வீசினார். உயிர் தப்பிய நிம்மதியில் ஒரு சுருட்டைப் பற்றவைத்தார்.

முதலில் காது வெளுத்தது. பிறகு தோள், பிறகு முதுகு. தலைவருக்கு உடம்பு சரியில்லையோ என்று முயல்கள் முணுமுணுத்தன. நரியார் போன இடமெல்லாம் தலைவரின் உடல்நிலை பற்றிக் கண்கலங்கினார். தலைவருக்கு ஓய்வு கொடுப்பதுதான் நன்றிக்கடன் என்று காடே முடிவெடுத்து நரிக்கு ஓட்டுப் போட்டது.

பதவியேற்பு விழாவில் மாலை போடக் கிட்டே போனபோதுதான் கரடியார் கவனித்தார். வில்வநாதனின் மீசை கருகருவென்று இருந்தது. காதோரம் சாயம் வழிந்து காய்ந்திருந்தது.

"ஏம்ப்பா, உனக்குப் பயமில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நரியார் மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"இல்லைங்க. உங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே அதை முழுசாப் படிச்சுட்டேன்."

நீதி: ஆராய்ச்சியை நீங்கள் முழுதாகப் படியுங்கள், வேண்டாதவர்களுக்குத் தலைப்பை மட்டும் அனுப்புங்கள்.