விலியாமு பூட்டிய ஞாயிறு

போதகர் நரகத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பெண்பிள்ளைகள் வரிசையில் ஒரு செல்போன் பாட ஆரம்பித்தது. அதுவும் குத்தாட்டப் பாட்டு. போதகர் பேச்சை நிறுத்தினார். போன் நிறுத்தவில்லை. கோயிலில் இருந்த அத்தனை தலைகளும் முதலில் திரேசாவைப் பார்த்தன. அப்புறம் ஒன்றுபோலத் திரும்பி அவள் அப்பா விலியாமுவைப் பார்த்தன. பெண்ணுக்குப் பதினாறு வயசு, துடைத்துப்போட்டுவிட்டு மறந்துவிட்டாள். அப்பாவுக்கு ஐம்பது. அவருக்கு மறக்குமா?

சமோவாவின் சவாயித் தீவில் ஊரை ஆள்வது குடும்பத் தலைவர்கள் சபை. சபை மண்டபத்துக்குச் சுவர் கிடையாது, சுற்றிலும் தூண்கள்தான். ஆளுக்கு ஒரு தூண். அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால்தான் மனுஷன். விலியாமு பதினோரு வருஷம் பாயின் ஓரத்தில் முதுகு வலிக்க உட்கார்ந்திருந்து வாங்கிய தூண் அது. அந்த வாரம் சபை ஒரு முடிவெடுத்தது. இனி எந்த வீட்டு போன் கோயிலில் கத்துகிறதோ அந்த வீடு ஒரு பன்றி அபராதம் தரவேண்டும். அத்தோடு சபை முடிந்திருக்கும். விலியாமு சும்மா இருந்திருக்கலாம். எழுந்தார்.

"இனிமே என் வீட்டுல ஞாயித்துக்கிழமை முழுக்க ஒரு போனும் மூச்சு விடாது. கோயில்ல மட்டுமில்ல, வீட்டுலயும்தான். விட்டுச்சுன்னா பன்னியும் தர்றேன், இந்தத் தூணையும் விட்டுடறேன்!"

தூணை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. விலியாமுவுக்கு எதையும் அளவோடு சொல்லி நிறுத்தத் தெரியாது. அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் பாயை விரித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மனைவி லோசாவின் போனையும் திரேசாவின் போனையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கண்காணிக்கும் செயலி ஒன்றைத் தன் போனில் இறக்கியிருந்தார். பிள்ளை எங்கே இருக்கிறது, எத்தனை மணி நேரம் விளையாடுகிறது, எல்லாம் காட்டும். குறித்த நேரத்தில் பூட்டும். ரகசிய எண் இல்லாமல் திறக்காது.

"என் போன் எதுக்குங்க? நான் என்ன பிள்ளையா?" என்றாள் லோசா.

"வீட்டுக்கு ஒரே சட்டம்."

"அப்ப உங்க போனு?"

"காவக்காரனையே கட்டிப்போட்டா யார்டி காவல் காக்கறது?"

செயலி வயசு கேட்டது. பதின்மூன்று தாண்டியிருந்தால் பிள்ளையே சம்மதம் சொல்ல வேண்டுமாம், இஷ்டப்பட்டால் பிள்ளையே கழற்றிவிடவும் செய்யலாமாம். விலியாமு யோசித்தார். திரேசாவுக்குப் பன்னிரண்டு என்று போட்டார். லோசாவுக்கும் பன்னிரண்டு என்று போட்டார்.

"எனக்கா பன்னெண்டு?" லோசா எட்டிப் பார்த்தாள். "போடுங்க, போடுங்க. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு நல்ல வார்த்தை எழுதியிருக்கீங்க."

"அப்ப நானும் அம்மாவும் ரெட்டைப் பிள்ளையாப்பா?" என்றாள் திரேசா.

"வாயை மூடு. உன்னாலதான் இத்தனையும்."

திரேசா வாயை மூடிக்கொண்டாள். லோசா மூடவில்லை.

"சரி, திரேசா பக்கத்து வீட்டு தனியேலு பொண்ணோட போனை வாங்கிப் பார்த்தா உங்க செயலி என்ன பண்ணும்?"

"அது தனியேலுவோட பன்னி. அவன் கவலை."

"இன்னொண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க." அவள் குரல் இறங்கியது. "ஆக்லாந்துல பசங்க ரெண்டு பேருக்கும் ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் ஃபேக்டரி லீவு. சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் பேசுவாங்க. வாரத்துல அந்த ஒரு தடவைதான் நான் அவங்க மூஞ்சியைப் பார்க்கறேன். அதுக்கு மட்டும் திறந்து வையுங்களேன்."

"முடியாது. சபையில சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பெத்தவளுக்கு ஒரு மணி நேரம் கூடவா?"

"தூணு போயிடும் லோசா!"

லோசாவுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள். இருபத்துநாலு வருஷத்தில் அவள் அவரிடம் அடித்துப் பேசியதில்லை. பேசாமலேயே காரியம் நடந்துகொண்டிருந்தது.

கடைசியாகச் செயலி ஒரு கேள்வி கேட்டது: எந்த ஊர் நேரப்படி பூட்ட வேண்டும்? பட்டியலில் ஆப்பியா இருந்தது. ஆப்பியா என்றதுமே விலியாமுவுக்கு மூக்கு விடைத்தது. கடலுக்கு அந்தப் பக்கம் தலைநகரம். போன மாதம் ஒரு கையெழுத்துக்காக அங்கே போய், மூன்று நாள் பெஞ்சு தேய்த்து, 'சவாயிக்காரரா, அடுத்த வாரம் வாங்க' என்ற பதிலைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஆப்பியாக்காரன் நேரம் எவனுக்கு வேணும்? அவன் நேரத்துக்கு நான் ஞாயிறு கும்பிடணுமா?" பட்டியலை மேலும் கீழும் தள்ளினார். பாங்கோ பாங்கோ என்று இருந்தது. "இதோ, உன் தங்கச்சி ஊரு! அமெரிக்காக்காரன் ஆண்டாலும் அதுவும் சமோவாதானே? நம்ம சனந்தானே?"

லோசா நிமிர்ந்தாள்.

விலியாமு அவசரக்காரர்தான், ஆனால் முட்டாள் இல்லை. சரிபார்த்தார். கையில் கட்டியிருந்த கடிகாரத்தில் மணி நாலு இருபது. பாங்கோ பாங்கோவிலும் நாலு இருபது. "பாரு! நிமிஷம் கூடப் பிசகல!"

நிமிஷம் பிசகாதுதான். பாங்கோ பாங்கோ இங்கிருந்து சின்ன விமானத்தில் ஒரு தூக்கம் போடும் தூரம். ஆனால் நடுவில் தேதிக்கோடு ஓடுகிறது. இங்கே சனி நாலு இருபது என்றால் அங்கே வெள்ளி நாலு இருபது. சமோவாவில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். விலியாமுவுக்கும் தெரியும். ஆப்பியா மேல் வந்த கோபத்தில் அந்த ஒரு நிமிஷம் தெரியாமல் போய்விட்டது. தங்கையோடு வாராவாரம் பேசுகிற லோசாவுக்கு எப்போதுமே தெரியும்.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"நல்லா அழுத்திப் போடுங்க," என்றாள்.

ஞாயிறு விடிந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஆண்கள் பாடு. மற்ற வீடுகளில் பையன்கள் செய்வார்கள். விலியாமுவின் பையன்கள் ஆக்லாந்தில் இருந்ததால் அவரே கல்லைச் சுட வைத்து, சீமைப்பலாவையும் சேம்பிலையில் பொதிந்த தேங்காய்ப்பாலையும் அடுக்கி, வாழையிலையால் மூடி, புகையில் கண் சிவந்து, குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். பெண்கள் இரண்டு பேரும் போனை அணைத்தே வைத்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. போதகர் நரகத்தை முழுசாகச் சொல்லி முடித்தார். வெளியே வந்ததும் ஊர்ப் பெரியவர் விலியாமுவின் தோளைத் தட்டினார். "நாளைக்கு மத்தியானம் சபையைக் கூட்டறேன். அந்த வித்தையை எல்லா வீட்டுக்கும் நீயே சொல்லிக்கொடு."

விலியாமு வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கினார். தூக்கத்தில் இரண்டு பையன்களின் குரலும் கேட்டது. லோசா சிரிப்பதும் கேட்டது. நல்ல கனவு என்று நினைத்துப் புரண்டு படுத்தார்.

திங்கட்கிழமை காலை எழுந்தபோது அடுப்படி சில்லென்று கிடந்தது. லோசா நல்ல பாயில் நன்றாகக் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"டீ எங்கே?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க."

"உனக்கென்ன காய்ச்சலா? நேத்துதான் ஞாயிறு."

லோசா போனை நீட்டினாள். 'இன்று ஞாயிறு. பெற்றோர் இந்த போனைப் பூட்டியுள்ளார்.'

விலியாமு பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தேதிக்கோடு அப்போதுதான் அவர் தலைக்குள் வந்து விழுந்தது.

"ஐயையோ! அப்ப நேத்து?"

"நேத்து திறந்துதான் இருந்துச்சு. பெரியவன் மெலிஞ்சு போயிட்டான்ங்க, பார்க்கவே பாவமா இருந்தது. சின்னவன் உங்களைக் கேட்டான். தூங்கறார்னு காட்டினேன். நீங்க குறட்டை விட்டதை ரெண்டு பேரும் பார்த்தாங்க."

"வீட்டுல போன் மூச்சு விட்டுச்சா?"

"ஒண்ணேகால் மணி நேரம் விட்டுச்சு."

விலியாமுவுக்கு முதுகு கூசியது. சத்தியம் போயிற்று. பன்றி போகட்டும், தூண் போனால் திரும்பவும் பாயின் ஓரமா? "யாருக்கும் தெரியாதில்ல?"

"எனக்குத் தெரியும். நான் மாதர் குழுத் தலைவி. இன்னிக்கு சாயங்காலம் கூட்டம் இருக்கு."

"லோசா! இப்பவே மாத்திடறேன். ஆப்பியா நேரமே வெச்சுடறேன்."

"மாத்துங்களேன். யார் வேணாம்னது? ஏன் மாத்தினீங்கன்னு மத்தியானம் சபையில கேப்பாங்க. அது நீங்க பதில் சொல்லிக்குவீங்க."

அவர் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடி பண்ணணுங்கற?"

"ஒண்ணும் பண்ண வேணாம். பாங்கோ பாங்கோ நல்ல ஊரு, அப்படியே இருக்கட்டும். மத்தவங்களுக்கும் அதையே சொல்லிக்கொடுங்க. பிள்ளைங்களைப் பிரிஞ்சவ இந்த ஊர்ல நான் ஒருத்திதானா?"

"சரி."

"அப்புறம், போன் ஞாயிறுங்குது. போனுக்கு மேல நமக்கென்ன தெரியும்? ஞாயித்துக்கிழமை நான் அடுப்புக்கிட்ட போறதில்லை."

அன்று மத்தியானம் விலியாமு சபையில் தன் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. பக்தியில் அழுதிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். காவா வேரைக் கரைத்த பானம் கிண்ணத்தில் ஒரு சுற்று வந்ததும் செயலியை விளக்கினார். எந்த ஊர் நேரம் என்று தனியேலு கேட்டார்.

"ஆப்பியா வேண்டாம்," என்றார் விலியாமு கம்பீரமாக. "நாம சவாயிக்காரங்க! பாங்கோ பாங்கோன்னு போடுங்க!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். ஆப்பியாவில் பெஞ்சு தேய்க்காதவர் அங்கே ஒருவரும் இல்லை. தேதியாவது கோடாவது, கைதட்டுகிற வேகத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? விலியாமுவுக்கு நாங்கள் மட்டும் இளைத்தவர்களா என்று பதினாலு தலைவர்களும் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தங்கள் தூண் மேல் சத்தியம் செய்தார்கள். வேண்டாம் என்று விலியாமு சொல்லிப் பார்த்தார். அவர்களுக்கும் அளவோடு நிறுத்தத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அமைதியாகப் போயிற்று. ஆண்கள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். பெண்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை விலியாமு வீட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். தனியேலு. கையில் இடுக்கி, கண்ணெல்லாம் தண்ணீர். அவர் பையன்கள் பள்ளிக்கூடத்துக்கும் தோட்டத்துக்கும் போயிருந்தார்கள்.

"என்ன தனியேலு, திங்கக்கிழமையும் அதுவுமா?"

"சும்மாதான். எனக்கே சமைக்கணும்னு ஒரு ஆசை. நீ?"

"எனக்கும் அதேதான். திடீர்னு தோணிச்சு."

இருவரும் எழுந்து நின்று கடற்கரைப் பக்கம் பார்த்தார்கள். ஊர் நெடுகப் பதினைந்து வீட்டுக் கொல்லையிலும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெரியவர் வீட்டுப் புகைதான் எல்லாவற்றிலும் மோசம். பாவம், அவருக்கு ஊதத் தெரியாது. தனியேலு விலியாமுவைப் பார்த்தார். விலியாமு கல்லைப் பார்த்தார். ஆளுக்கு ஒரு தூண் இருந்தது, அதனால் யாரும் எதுவும் பேசவில்லை.

உள்ளேயிருந்து, பாயை விட்டு எழுந்திருக்காமலே, ஒரு பெண்குரல் கேட்டது. "ஏங்க, தேங்காய்ப்பாலுக்கு உப்பு போட்டீங்களா?"

எந்த வீட்டிலிருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"போட்டாச்சும்மா!" என்றார்கள் இருவரும்.