கூடம் கோணல், கிடா தப்பியது

கட்டடத்தில் எது குறைந்தாலும் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். மிஞ்சினால் மகிழ்ந்துபோவார். நாம் பயப்பட வேண்டியது மிஞ்சும்போதுதான்.

பெரம்பலூரில் என் தாய்மாமா கல்யாண மண்டபம் கட்டினார். அரியலூரில் உட்கார்ந்து அதன் மாடித் தளத்துக்குக் கணக்குப் போட்டவள் நான். தனியாகச் செய்த முதல் வேலை. (வாசல் பலகையில் என் பெயரைத் தன் பெயரைவிடப் பெரிதாக எழுத வைத்திருந்தார் மாமா.) இரும்பு உத்தரங்கள். அவற்றின் மேல் மேடும் பள்ளமுமாக மடித்த தகடு. பள்ளத்துக்கு ஒன்றாக, உத்தரத்தோடு பற்றவைத்த தலை தடித்த ஆணி, ஸ்டட் என்பார்கள். மேலே கொட்டும் காங்கிரீட்டையும் கீழே இருக்கும் இரும்பையும் ஒரே உடம்பாகப் பிடித்துவைப்பது அந்த ஆணிதான்.

தளம் போடுவதற்கு முதல் நாள் போனேன். மறுநாள் விருந்துக்கான கிடா படிக்கட்டருகே கட்டப்பட்டிருந்தது. வெல்டர் ஒரு சாக்கை இழுத்து வந்தார்.

"மேடம், எல்லாப் பள்ளத்துலயும் வச்சாச்சு. இவ்ளோ மிச்சம்."

மாமாவுக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா, எங்க பாப்பா எவ்ளோ சிக்கனம்!"

என் கணக்குப்படி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மேலே ஓடினேன். மனை ரோட்டோரம் சாய்வாக வெட்டுப்பட்டது. தகடுகள் அந்தச் சாய்வையொட்டி, உத்தரங்களைக் கோணலாகக் கடந்து போயின. (வரைபடத்தில் அப்படி வரைந்தவளும் நானேதான்.) கோணலாகக் கடந்தால், உத்தரத்தின் மேல் பள்ளங்கள் தள்ளித் தள்ளி விழும், ஆணிக்கு இடம் குறையும். லேப்டாப்பைத் திறந்தேன். தகட்டின் கோணம் கேட்ட கட்டத்தில் தொண்ணூறு, அதாவது உத்தரத்துக்கு நேர்குறுக்கு. மென்பொருள் தானாகப் போட்டுவைத்த தொண்ணூறு. நான் தொடவே இல்லை.

காங்கிரீட் விழுந்துவிட்டால் ஆணி யார் கண்ணுக்கும் தெரியாது. அதன் மேல் ஒரு முகூர்த்தக் கூட்டம் பந்திக்கு முண்டியடிப்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

"மாமா, நாளைக்கு வேணாம். நிறுத்திடுங்க."

"என்னது? சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் சொல்லியாச்சு. கிடா வாங்கிக் கட்டியாச்சு. காங்கிரீட் லாரிக்காரன் காலைல வந்துடுவான்!"

"கூடம் கோணல் மாமா..."

அத்தை சிரித்துவிட்டார். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!"

வெல்டரும் சிரித்தார். நான் அழுதேன். (ஹெல்மெட்டோடு அழுவது எப்படி என்று கல்லூரியில் சொல்லித்தரவில்லை.) "நெசமாவே கோணல் அத்த. மேல கூட்டம் ஏறுனா தாங்காது."

சிரிப்பு நின்றது. மாமா லாரிக்காரருக்குப் போன் போட்டார்.

கணக்கைத் திருத்தி, பள்ளத்துக்கு இரண்டு ஆணி வைத்து முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. மிச்சமான சாக்கு போதாமல் புதுச் சாக்குகள் வந்தன. இதற்கிடையில் அத்தை கிடாவுக்குக் கையால் அகத்திக்கீரை ஊட்டப் பழகிவிட்டார். தளம் போட்ட அன்று சாம்பார்தான். (பந்தியில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.)

தளம் அசையாமல் நிற்கிறது. கிடாவும்தான். கல்யாண வாசலில் கட்டும் வாழைமரத்தில் முதல் வாய் அதனுடையது. "இத ஏங்க இன்னும் வெட்டல?" என்று யாராவது கேட்டால், மாமா என் பக்கம் கையைக் காட்டுவார்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு கேட்டிருப்பீங்க. எங்க வூட்ல கூடம் கோணல், ஆடு பொழச்சுது."